வாய் வழியே கண்ணுக்கு: கோவையின் 2004-05 டாக்ஸோபிளாஸ்மா பரவல், ஒரு நிகழ்வு ஆய்வு

2004-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கோயம்புத்தூர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஒற்றைக் கண் மங்கலோடு வருபவர்களின் எண்ணிக்கை வழக்கத்தை மீறிக் கூடியது. விழித்திரையில் புதிதாக ஒரு வெள்ளைப் புண், கண்ணுக்குள் கலங்கல், ரத்தத்தில் அண்மைத் தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் என்று ஒருவர்பின் ஒருவராக ஒரே கதை. காரணம் டாக்ஸோபிளாஸ்மா கோண்டி என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. இந்தப் பரவலில் சிக்கிய 248 பேரின் கண் நிலை 2010-இல் மருத்துவ இதழில் பதிவானது. ஒரே ஊரில் இத்தனை பேரின் கண்ணை இந்த ஒட்டுண்ணி ஒரே சமயத்தில் தாக்கியது உலக அளவிலும் அரிதான நிகழ்வு.

ஆய்வாளர்களின் சந்தேகம் நகரத்துக் குடிநீர் மேல் விழுந்தது. கண் நோய் என்றால் அழுக்குக் கை, தூசி, அடுத்தவர் துண்டு என்று யோசித்தே பழகியவர்களுக்கு இது இன்றும் புதிதாகத்தான் இருக்கிறது. அந்த 248 பேரில் யாரும் கண்ணைக் கழுவியதாலோ கசக்கியதாலோ நோய்ப்படவில்லை. ஒட்டுண்ணி வாய் வழியாகப் போய், குடலைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, விழித்திரையில் இறங்கியது. இந்தப் பாதையைப் புரிந்துகொண்டால்தான் கொங்குப் பகுதி வீடுகளில் எதைக் காக்க வேண்டும் என்பது விளங்கும். கண்ணைக் காப்பதற்கு முன்னால் குடத்தைக் காக்க வேண்டியிருக்கிறது.

நோயாளி வரும்போது என்ன தெரியும்

பெரும்பாலும் ஒரு கண் மட்டும். "கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரி இருக்குதுங்க", "பொகை மூட்டமாத் தெரியுதுங்க" என்பார்கள். வலி அதிகம் இருக்காது. சிவப்பு லேசாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வலி இல்லாததால் பத்து நாள், பதினைந்து நாள் கழித்து வருவது வழக்கம். அதற்குள் மருந்துக் கடையில் ஏதாவது ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டிருப்பார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறைந்துவிடும், உள்ளே புண் வளரும்.

கண்மணியை விரித்துப் பார்த்தால், கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் கூழ் கலங்கியிருக்கும். அதற்குப் பின்னால் மஞ்சள் கலந்த வெள்ளையில், ஓரம் மங்கலான ஒரு புண். பனிமூட்டத்துக்குள் எரியும் வண்டி விளக்கு என்று கண் மருத்துவர்கள் இதைச் சொல்வது இதனால்தான். பழைய நோய் மறுபடி கிளம்பியிருந்தால், கறுத்த பழைய தழும்பின் ஓரத்தில் புதுப் புண் ஒட்டிக்கொண்டிருக்கும். கோவைப் பரவல் போன்ற புதுத் தொற்றில் அந்தத் தழும்பு இருக்காது. இது சின்ன வேறுபாடாகத் தோன்றும், ஆனால் நோயின் வயதைச் சொல்வது இதுதான். பிறவியிலேயே தாயிடமிருந்து வந்து, வளர்ந்த பிறகு கிளம்புவதுதான் கண் டாக்ஸோபிளாஸ்மா என்று நெடுங்காலம் பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. வளர்ந்தவர்களும் புதிதாகத் தொற்றி உடனடியாகக் கண்ணில் நோய்ப்படுவார்கள் என்பதைப் பிரேசில், கனடா, கோவை நிகழ்வுகள் சந்தேகமின்றிக் காட்டின.

இன்னொரு தடுமாற்றமும் உண்டு. புதுத் தொற்றில் முதலில் கண்ணுக்குள் அழற்சி மட்டும் தெரிந்து, விழித்திரைப் புண் சில நாள், சில வாரம் கழித்தே தலைகாட்டலாம். முதல் நாள் புண் இல்லையே என்று டாக்ஸோபிளாஸ்மாவைத் தள்ளிவிட்டு ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால், அடுத்த வருகையில் பெரிய புண்ணைப் பார்க்க நேரும். காசநோய், சிபிலிஸ், ஹெர்பிஸ் வகை வைரஸ்கள் ஆகிய மூன்றும் இதே தோற்றத்தில் வரக்கூடியவை. அதனால் இந்த மூன்றையும் சோதிக்காமல் முடிவுக்கு வருவது ஆபத்து.

ரத்தப் பரிசோதனையை எப்படிப் படிப்பது

ஐஜிஜி எதிர்ப்பொருள் இருக்கிறது என்றால் வாழ்நாளில் எப்போதோ தொற்று வந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். ஊரில் நல்ல கண்ணோடு நடமாடும் பலருக்கும் அது இருக்கும். ஐஜிஜி தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கண் நோயின் காரணத்தைச் சொல்ல முடியாது. அதே சமயம் ஐஜிஜி இல்லை என்பது பயனுள்ள விடை. சில வாரம் கழித்து எடுத்தும் இல்லையென்றால் வேறு நோயைத் தேட வேண்டும்.

தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் ஐஜிஎம் எதிர்ப்பொருள் இருந்தால் அண்மைத் தொற்று என்று சொல்வது வழக்கம். ஆனால் ஐஜிஎம் சிலரிடம் பல மாதம், ஏன், ஓர் ஆண்டுக்கு மேலும் தங்கிவிடும். இங்கே அவிடிட்டி பரிசோதனை உதவும். எதிர்ப்பொருள் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்பதை அது அளக்கிறது. இறுக்கம் அதிகமாக இருந்தால், கடந்த நான்கு மாதத்துக்குள் வந்த தொற்று அல்ல என்று சொல்லலாம். இறுக்கம் குறைவாக இருந்தால் புதுசு என்று அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் குறைந்த நிலை சிலரிடம் நீடிக்கும். கர்ப்பிணியின் தாளைப் படிக்கும்போது இந்த ஒருபக்க விதியை மறந்தால், தேவையில்லாத பயத்தில் குடும்பம் தத்தளிக்கும்.

தனி ஒருவரின் தாளில் இத்தனை சந்தேகம் இருந்தாலும், ஒரே ஊரிலிருந்து, ஒரே பருவத்தில், தழும்பில்லாத புதுப் புண்ணோடும் ஐஜிஎம்மோடும் வரிசையாக ஆட்கள் வந்தால் அங்கே குழப்பத்துக்கு இடமில்லை. கோவையில் நடந்தது அதுதான்.

ஏன் தண்ணீர்

இந்த ஒட்டுண்ணி மனிதனுக்கு வரும் பெரிய வழிகள் மூன்று: வேகாத கறி, பூனைக் கழிவு கலந்த மண் அல்லது காய்கறி, பூனைக் கழிவு கலந்த தண்ணீர். கறி என்றால் ஒரு விருந்து, ஒரு கடை, ஒரு குடும்பம் என்று சின்ன வட்டத்தில் நோய் நிற்கும். அறிமுகமே இல்லாத நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே காலத்தில் நோய்ப்பட வேண்டுமானால், அவர்கள் அனைவரும் வாயில் வைத்த பொதுப் பொருள் ஒன்று வேண்டும். நகரத்தில் அப்படிப்பட்ட பொருள் குழாய்த் தண்ணீர்.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. 1979-இல் பனாமாக் காட்டில் பயிற்சி எடுத்த அமெரிக்கப் படைவீரர்கள் ஓடைத் தண்ணீர் குடித்து இதே ஒட்டுண்ணியால் நோய்ப்பட்டார்கள். 1995-இல் கனடாவின் விக்டோரியா நகரில், வடிகட்டாமல் குளோராமின் என்ற குளோரின் வகைக் கிருமிநாசினி மட்டும் கலந்து விநியோகித்த நீர்த்தேக்கத் தண்ணீர் வழியே பரவியது. அங்கே பரவலோடு தொடர்புடையவர்கள் என்று அடையாளம் காணப்பட்ட 100 பேரில் 51 பேருக்கு நிணநீர் முடிச்சு வீக்கம், 19 பேருக்கு விழித்திரை நோய். மழை பெய்து நீர்த்தேக்கம் கலங்கிய பிறகே நோயாளிகள் எண்ணிக்கை ஏறியது. 2001 இறுதியில் பிரேசிலின் பரானா மாநிலத்தில், சாந்தா இசபெல் தோ இவாயி என்ற சிற்றூரில், நிலத்துக்கடியில் இருந்த ஒரு பொதுத் தொட்டியே மூலம். அந்தத் தொட்டியின் மேல் ஒரு பூனை குட்டிகளோடு வாழ்ந்தது. அங்கே 426 பேருக்கு ரத்தத்தில் அண்மைத் தொற்று உறுதியானது.

விக்டோரியாவில் மொத்தம் 2,894 முதல் 7,718 பேர் வரை தொற்றியிருக்கலாம் என்று கணித்தார்கள். கண் கெட்டு மருத்துவமனை வாசல் வரை வந்தவர்கள் 19 பேர். இந்த விகிதத்தைக் கோவைக்கு அப்படியே பொருத்தக்கூடாது, ஒட்டுண்ணியின் வகை ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் 248 கண் நோயாளிகள் என்றால், சாதாரணக் காய்ச்சல், உடம்பு வலி என்று கடந்துபோனவர்கள், எதுவுமே தெரியாமல் தொற்றியவர்கள் அதைவிடப் பல மடங்கு இருந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. அவர்களில் கர்ப்பிணிகளும் இருந்திருப்பார்கள். கண் மருத்துவமனைக் கணக்கை வைத்து ஊரின் கணக்கைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

தண்ணீரை எடுத்துச் சோதித்து உடனே பிடித்துவிட முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீர் வயிற்றுக்குள் போய்க் கண்ணில் நோய் தெரிய வாரங்களிலிருந்து மாதங்கள் வரை ஆகும். நோயாளியைப் பார்க்கும் நாளில் அந்தத் தண்ணீர் எப்போதோ குழாயைக் கடந்து போயிருக்கும். மேலும், வழக்கமான குடிநீர்ப் பரிசோதனை, கழிவு கலந்ததைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியாவைத் தேடுகிறது. இந்த ஒட்டுண்ணியை அது பார்ப்பதே இல்லை. பெரிய அளவில் தண்ணீரை வடிகட்டி, படிவதைச் சேர்த்து, மரபணுச் சோதனை செய்தால்தான் ஏதாவது தெரியும். அதனால் இத்தகைய பரவலில் வலுவான சான்று ஆய்வகத்தைவிட வரைபடத்தில்தான் கிடைக்கும். எந்த வீட்டுக்கு எந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் போகிறது, நோயாளிகள் எந்தக் கிளைக் குழாயில் குவிகிறார்கள் என்று குறிப்பதே முதல் வேலை.

அந்த விவரத்தை வாங்குவதிலும் ஒரு பக்குவம் வேண்டும். "தண்ணி காய்ச்சித்தான குடிக்கறீங்க?" என்று கேட்டால் கொங்கு நாட்டில் விடை "ஆமாங்க" என்றுதான் வரும். டாக்டர் முன்னால் இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. "நேத்து மத்தியானம் குடிச்ச தண்ணி எந்தப் பாத்திரத்துல இருந்து எடுத்தீங்க? அது எப்பப் புடிச்சது?" என்று கேட்டால் உண்மை வெளிவரும். வேலை செய்யும் இடத்தில் குடிப்பது, பேக்கரியில் டம்ளரில் வைக்கும் தண்ணீர், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடக் குழாய் எல்லாம் தனித்தனியே கேட்க வேண்டும். வீட்டில் காய்ச்சிக் குடிப்பவர்கள் பலர் வெளியே குடிப்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பூனையிலிருந்து குடம் வரை

ஒட்டுண்ணி பாலினப் பெருக்கம் செய்வது பூனைக் குடும்பத்தின் குடலில் மட்டும். வீட்டுப் பூனையும் சிறுத்தையும் இதில் ஒன்றுதான். எலியையோ பச்சைக் கறியையோ தின்று முதன்முதலில் தொற்றிய பூனை, ஒன்று முதல் மூன்று வாரம் வரை கழிவில் ஓசிஸ்ட் என்ற முட்டை போன்ற உறைகளை லட்சக்கணக்கில், சில வேளை கோடிக்கணக்கில் வெளியேற்றும். அதன் பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். எனவே ஆபத்து அதிகம் இருப்பது குட்டிகளிடமும் இளம் பூனைகளிடமும்தான். வயதான வீட்டுப் பூனையைத் தடவுவதால் நோய் வருவது மிக அபூர்வம்.

வெளியே வந்த ஓசிஸ்ட் அன்றைக்கே தொற்றாது. காற்றும் ஈரமும் சூடும் கிடைத்து, ஒன்று முதல் ஐந்து நாளில் முதிர்ந்த பிறகுதான் தொற்றும் சக்தி வரும். முதிர்ந்த ஒன்றுக்குள் எட்டு ஒட்டுண்ணிகள் இருக்கும். அளவு 10 முதல் 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஈர மண்ணில் ஓர் ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். வெயிலில் நன்றாகக் காய்ந்தால் செத்துப்போகும்.

இதன் உறை குளோரினுக்கு மசியாது. குடிநீரில் கலக்கும் அளவு என்ன, தொட்டி கழுவும்போது கொட்டும் பிளீச்சிங் பவுடர் கரைசல்கூட இதைக் கொல்வதாக நம்ப முடியாது. குழாயைத் திறந்தவுடன் மருந்து வாடை அடித்தால் தண்ணீர் சுத்தம் என்று நாம் நம்புகிறோம். காலரா, டைபாய்டு விஷயத்தில் அந்த நம்பிக்கை சரி. இந்த ஒட்டுண்ணிக்கு அந்த வாடையால் ஒரு பயனும் இல்லை. குளோரினைக் குறைக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. குளோரினோடு வடிகட்டலும் வேண்டும் என்பதே பொருள். மணல் வடிகட்டி சரியாக வேலை செய்து, தண்ணீரின் கலங்கல் குறைந்தால் ஓசிஸ்டும் பெருமளவு குறையும். மழைக்காலத்தில் வடிகட்டி திணறும் நாட்களே ஆபத்தான நாட்கள்.

வெப்பம் இதன் பலவீனம். தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் போதும், ஓசிஸ்ட் முழுதும் சாகும். இதைவிட மலிவான, உறுதியான வழி வேறில்லை.

வீட்டுக்குள் எங்கே கெடுகிறது

கொங்கு நாட்டு வீடுகளில் தண்ணீர் இரண்டு வகை. புழங்குவதற்கு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணி. குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் நல்ல தண்ணி. நல்ல தண்ணி தினமும் வராத இடங்களில் அதை நிலத்தடிச் சம்பில் பிடித்து, மேலே டேங்குக்கு ஏற்றி, அங்கிருந்து குடத்துக்கோ ட்ரம்முக்கோ மாற்றி நாள்கணக்கில் வைத்துக் குடிக்கிறார்கள். நகராட்சி எவ்வளவு சுத்தமாக அனுப்பினாலும், சம்பு என்பது வீட்டுக்கு வீடு ஒரு சின்ன நீர்த்தேக்கம். பிரேசில் சிற்றூரில் ஒரு தொட்டி மூடியின் மேல் நடந்தது எந்தச் சந்திலும் நடக்கலாம்.

சம்பைப் பார்க்கும்போது முதலில் மூடியைப் பாருங்கள். வாசல் தரையோடு தரையாக மூடி இருந்தால் வாசல் கழுவும் தண்ணீரும் மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கும். மூடியின் கட்டு தரையிலிருந்து குறைந்தது அரையடி உயர்ந்திருக்க வேண்டும். மூடி அந்தக் கட்டின் மேல் கவிழ்ந்து வெளியே தொங்க வேண்டும், உள்ளே பதிந்து உட்காரக் கூடாது. உள்ளே பதியும் மூடியின் இடுக்கில் சேரும் மண் திறக்கும்போதெல்லாம் தண்ணீரில் விழும். மேல் டேங்கின் மூடி காற்றில் பறந்துபோய்ச் சாக்கைப் போட்டுக் கல்லை வைத்திருப்பது அடுத்த பெரிய குறை. நிரம்பி வழியும் குழாய்க்கும் காற்றுக் குழாய்க்கும் கொசுவலைக் கம்பி கட்ட வேண்டும்.

பக்கத்தில் வீடு கட்ட மணல் கொட்டியிருந்தால் பூனைக்கு அதுதான் கழிப்பிடம். அந்த மணல் மேட்டுக்குக் கீழே சம்பு இருந்தால், ஒரு மழை போதும். மணலைத் தார்ப்பாய் போட்டு மூடுவது கட்டுமானக்காரர்களுக்கு நல்ல வழக்கம், குழந்தைகள் அதில் விளையாடுவதாலும்.

சம்பு கழுவும்போது பிளீச்சிங் பவுடரைத் தூவி ஊறவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைப்பது பெரிய தவறு. ஓசிஸ்ட் அடியில் படியும் வண்டலில்தான் கிடக்கும். தண்ணீரை முழுக்க இறைத்து, வண்டலை அள்ளி எடுத்து, சுவரையும் தரையையும் தேய்த்து, இரண்டு முறை அலசி, அலசிய தண்ணீரையும் வெளியேற்றிய பிறகே பிளீச்சிங் பவுடர். அது பாக்டீரியாவுக்கு. அள்ளிய வண்டலைக் கீரைப் பாத்தியில் கொட்டாமல் குழி தோண்டி மூடுங்கள். உள்ளே இறங்குபவருக்குக் கையுறை வேண்டும். ஆழமான மூடிய சம்பாக இருந்தால் சில மணி நேரம் திறந்து காற்றோட விட்டு, மேலே ஓர் ஆள் நிற்காமல் யாரும் இறங்கக் கூடாது.

வடிகட்டி விஷயத்தில் ஏமாற்றம் அதிகம். குடத்து வாயில் கட்டும் வெள்ளை வேட்டித் துணியின் இழை இடைவெளி ஓசிஸ்டைவிடப் பல மடங்கு பெரிது, அது தூசிக்கு மட்டும். ஒரு மைக்ரான் அல்லது அதற்குக் குறைந்த துளையுள்ள, அளவு உறுதி செய்யப்பட்ட வடிகட்டி ஓசிஸ்டை நிறுத்தும். விரிசல் விட்ட செராமிக் கேண்டில் எதையும் நிறுத்தாது. ஆர்ஓ சவ்வு நிச்சயம் நிறுத்தும், ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. நல்ல தண்ணியில் ஏற்கெனவே உப்பு குறைவு, ஆர்ஓ போட்டால் சப்பென்று இருக்கிறது என்று பொருத்துபவர் தண்ணீரின் உப்பு அளவைக் கூட்டும் டிடிஎஸ் வால்வைத் திறந்துவிடுவார். அந்த வால்வு சவ்வுக்குள் போகாத தண்ணீரை, சவ்வைக் கடந்த தண்ணீரோடு கலக்கிறது. அந்த வழியில் யுஎஃப் என்ற நுண்துளைச் சவ்வு இருந்தால் பயமில்லை. உள்ளூரில் பூட்டித் தரும் சில கருவிகளில் அந்த வழியில் வெறும் கரி வடிகட்டி மட்டும் இருக்கும். அப்போது டம்ளரில் ஒரு பங்கு தண்ணீர் வடிகட்டாத குழாய்த் தண்ணீர்தான். சர்வீஸுக்கு வருபவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, குழாயைக் கையால் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

வடிகட்டியைச் சோதிக்க வழியில்லாத வீட்டில் காய்ச்சுவதே சரி. காய்ச்சிய தண்ணீரை ஆறவைத்து அதே அண்டாவில் மூடிவைத்து, நீண்ட பிடியுள்ள கரண்டியால் மொண்டு எடுக்க வேண்டும். ஆற வேண்டும் என்று பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கலப்பது பல வீடுகளில் நடக்கிறது. அப்படிச் செய்தால் எரித்த கேஸ் வீண்.

கறி, பால், மண்

நம் சமையலில் கறி நன்றாக வேகும். குக்கரில் வெந்த ஆட்டுக்கறிக் குழம்பால் யாருக்கும் டாக்ஸோபிளாஸ்மா வராது. கறியின் நடுப்பகுதி 67 டிகிரி செல்சியஸைத் தொட்டால் தசையில் உறங்கும் ஒட்டுண்ணிக் கட்டிகள் சாகும். கவலை தருவது ரத்தம் ஊறும் என்று பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சுவரொட்டி என்னும் மண்ணீரலையும் ஈரலையும் கல்லில் லேசாக வாட்டிக் கொடுப்பது. நடுவில் சிவப்பு இருக்கும்வரை அது வேகவில்லை. பச்சைக் கறி நறுக்கிய அரிவாள்மனையை அலசாமல் அதிலேயே வெங்காயம், கொத்தமல்லி அரிவதும், கறி வேகும் முன் உப்புப் பார்ப்பதும் இதே கணக்கு. இளைப்புக்கு நல்லது என்று காய்ச்சாத ஆட்டுப்பால் குடிப்பதையும் விட வேண்டும், பால் வழியாகவும் இந்த ஒட்டுண்ணி வந்திருக்கிறது.

தோட்டத்தில் வேலை செய்தவர்கள் சோற்றில் கை வைக்கும் முன் சோப்புப் போட்டு, நகக்கண் வரை கழுவ வேண்டும். பூனை வளர்ப்பவர்கள் கழிவுத் தட்டைத் தினமும் சுத்தம் செய்தால், முதிர்வதற்குள் ஓசிஸ்ட் வீட்டைவிட்டுப் போய்விடும். தட்டைக் கொதிக்கும் தண்ணீரால் அலசுவது போதும், வேறு மருந்து வேண்டாம். கர்ப்பிணிகள் அந்த வேலையை அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும். கறிக்கடை, கோழிக்கடைக் கழிவைப் பூனைக்குப் போடுவதுதான் தெருப் பூனைக்குத் தொற்று ஏறும் வழி. அதை நிறுத்தினால் பாதிக் காரியம் முடிந்தது. பூனைகளை விரட்டுவதும் கொல்வதும் பயனற்ற கொடுமை. காலியான இடத்துக்கு வேறு இளம் பூனை வரும், அதுதான் புதிதாகத் தொற்றிக் கழிவில் வெளியேற்றும் வயது.

நேரே கண்ணில் விழுபவை

டாக்ஸோபிளாஸ்மா வாய் வழியே வருவது. நேராகக் கண்ணுக்கு வரும் ஒட்டுண்ணிகளும் இந்தப் பகுதியில் உண்டு, அவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் அமீபா மண்ணிலும் வாய்க்காலிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழும். மேலை நாடுகளில் இது கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்களின் நோய். நம் நாட்டில் லென்ஸ் போடாதவர்களிடமே அதிகம் பார்க்கிறோம். கரும்புத் தோகை கீறியது, தேங்காய் மட்டைத் தூசி விழுந்தது, வாய்க்கால் தண்ணீரால் கண்ணை அலசியது என்று தொடங்கும். கருவிழியில் தெரியும் புண்ணைவிட வலி பல மடங்கு இருக்கும், நாள்பட்டால் வளையம் போன்ற வெள்ளைப் படலம் வரும். தொடக்கத்தில் ஹெர்பிஸ் என்று தவறாக எண்ணி வாரங்கள் வீணாவது இந்த நோயின் வழக்கமான துயரம். பிஹெச்எம்பி அல்லது குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியின் 0.02 சதவீதச் சொட்டை முதல் நாட்களில் மணிக்கொரு தரம் விட்டு, மாதக்கணக்கில் தொடர வேண்டும். கண்ணில் கீறல் விழுந்தால் காய்ச்சி ஆறிய தண்ணீரால் அலசி நேரே மருத்துவரிடம் போங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். லென்ஸ் அணிபவர்கள் அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது, டப்பியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஆட்டுப்பட்டிப் பக்கம் நிற்பவர்களுக்குப் பறந்துகொண்டே ஓர் ஈ கண்ணில் மோதிய உணர்வு வந்து, சில மணி நேரத்தில் ஏதோ ஊர்வதுபோல் உறுத்தினால் அது செம்மறியின் மூக்கில் குஞ்சு விடும் ஈஸ்ட்ரஸ் ஓவிஸ் ஈயின் வேலை. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள புழுக்கள் கொக்கியால் பற்றிக்கொள்வதால் கழுவினால் மட்டும் போகாது. மரப்புச் சொட்டு விட்டு, இமையைப் புரட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். விளக்கு பட்டதும் அவை மடிப்புக்குள் ஓடும், அதனால் மறுநாளும் பார்க்க வேண்டும்.

நேரே கண்ணில் விழாமல், டாக்ஸோபிளாஸ்மாவைப் போல வாய் வழியே வருவதும் ஒன்று உண்டு: மண்ணில் விளையாடும் குழந்தைக்கு நாய்க்குட்டியின் டாக்ஸோகாரா புழு முட்டை வாய் வழியே போய் ஒற்றைக் கண்ணில் வெள்ளைக் கட்டி உண்டாக்கும். தென் மாவட்டங்களில் ஊர்க் குளத்தில் குளித்த சிறுவர்களின் கண்ணில் தட்டைப்புழுவால் கட்டி வந்தது பதிவாகியிருக்கிறது.

சிகிச்சையில் தவறுபவை

நல்ல உடல்நிலை உள்ளவருக்கு, விழித்திரையின் ஓரத்தில் சின்னப் புண் தானாகவே ஆறலாம். நடுப் பார்வைப் பகுதிக்கோ பார்வை நரம்புக்கோ அருகில் இருந்தால், கலங்கல் அதிகமாக இருந்தால், கர்ப்பம் அல்லது நோய் எதிர்ப்புக் குறைவு இருந்தால் காத்திருக்கக் கூடாது. பழைய முறை பைரிமெத்தமினும் சல்ஃபாடயசினும் சேர்ந்தது. எளிதில் கிடைப்பதும் நடைமுறையில் அதிகம் பயன்படுவதும் டிரைமெத்தோபிரிம் 160 மில்லிகிராமும் சல்ஃபாமெத்தாக்சசோல் 800 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை, நாளைக்கு இரண்டு, நான்கு முதல் ஆறு வாரம். சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கிளிண்டாமைசின் அல்லது அசித்ரோமைசின். வாய் வழியே மருந்து கொடுக்க முடியாதபோது கண்ணுக்குள் கிளிண்டாமைசின் 1 மில்லிகிராம் ஊசி.

ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்டால், ஒட்டுண்ணி மருந்து தொடங்கி ஒன்றிரண்டு நாள் கழித்துத் தொடங்கி, ஒட்டுண்ணி மருந்தை நிறுத்துவதற்கு முன்பே குறைத்து முடிக்க வேண்டும். வரிசை மாறினால் பார்வை போகும். கண்ணைச் சுற்றி மெதுவாகக் கரையும் ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை, அதை இந்த நோயில் தொடவே கூடாது. பைரிமெத்தமின் சாப்பிடுபவருக்கு ஃபோலினிக் அமிலம் தர வேண்டும், வாரந்தோறும் ரத்த அணுக்களை எண்ண வேண்டும். மருந்துக் கடையில் பெயர் ஒத்திருக்கிறது என்று ஃபோலிக் அமிலம் கொடுத்துவிடுவது உண்டு. அது ரத்தத்தைக் காக்காது, மருந்தின் வேலையையும் கெடுக்கலாம். சல்ஃபா தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எந்த மருந்தும் விழித்திரையில் உறங்கும் கட்டிகளைக் கொல்லாது. நோய் திரும்பும் வாய்ப்பு முதல் ஓரிரு ஆண்டில் அதிகம். பிரேசிலில் 2002-இல் வெளியான ஆய்வில், மூன்று நாளுக்கு ஒரு மாத்திரை வீதம் டிரைமெத்தோபிரிம்-சல்ஃபாமெத்தாக்சசோல் கூட்டு மருந்தை 20 மாதம் எடுத்தவர்களில் 6.6 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 23.8 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. நடுப் பார்வைக்கு அருகே தழும்பு உள்ளவருக்கு இந்த வழியைப் பரிசீலிக்கலாம். ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் காலண்டர் எழுத்தைப் படித்துப் பார்க்கும் வழக்கத்தை நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பது, திரும்பும் நோயைப் பல நாள் முன்பே பிடித்துத் தரும்.

அடுத்த முறை

கோவைப் பரவலை முதலில் பார்த்தது குடிநீர்ப் பிரிவு அல்ல, கண் மருத்துவர்கள். அடுத்த பரவலும் அப்படித்தான் தெரியவரும். அதனால் திருப்பூரிலோ ஈரோட்டிலோ பொள்ளாச்சியிலோ ஒரு கண் மருத்துவர், தழும்பில்லாத புதுப் புண்ணோடு ஒரே மாதத்தில் மூன்றாவது நோயாளியைப் பார்த்தால், தெரு, குடிநீர் வரும் தொட்டி, மங்கல் தொடங்கிய நாள், ஐஜிஎம் முடிவு, கர்ப்பமா என்ற ஐந்து விவரத்தை ஒரு தாளில் எழுதி, அன்றே மாநகராட்சி நல அலுவலருக்கோ மாவட்டச் சுகாதாரத் துறைக்கோ அனுப்ப வேண்டும். மூன்று பேரும் ஒரே தொட்டித் தண்ணீர் குடிப்பவர்கள் என்றால் தண்ணீர்ச் சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல், காய்ச்சிக் குடிக்கும் அறிவிப்பை அந்தப் பகுதி முழுக்க வண்டியில் மைக் கட்டிச் சொல்ல வேண்டும். கூடவே அந்தப் பகுதிக் கர்ப்பிணிகளின் ரத்தத்தை எடுக்க வேண்டும். தாய்க்குப் புதுத் தொற்று எனத் தெரிந்தால் ஸ்பைராமைசின் என்ற மருந்தைத் தொடங்கக் கிடைக்கும் சில வாரங்கள், பிறக்கப்போகும் குழந்தையின் கண்ணையும் மூளையையும் காக்கக் கிடைக்கும் அவகாசம்.